பேரரசர் போலி என்று ஒதுக்கிய ஆறு

1746-ஆம் ஆண்டுக் குளிர்காலம். பெய்ஜிங் அரண்மனையில் சியான்லாங் பேரரசருக்கு முன்னால் இரண்டு சுருளோவியங்கள். இரண்டிலும் அதே ஃபூச்சுன் ஆறு, அதே மலைகள், அதே மரக்கூட்டம். இரண்டிலும் ஹுவாங் கோங்வாங் என்ற ஓவியரின் பெயர். ஒன்று போன வருடமே கைக்கு வந்துவிட்டது. இன்னொன்று இப்போதுதான் ஒரு பெரிய சேகரிப்பாளரின் வீட்டிலிருந்து விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று அசல் என்றால் மற்றது நகலாகத்தான் இருக்க வேண்டும். பேரரசர் நன்றாகப் பார்த்தார், யோசித்தார், தீர்ப்புச் சொன்னார். தப்பாகச் சொன்னார்.

சீன ஓவிய வரலாற்றில் இவ்வளவு பேர்பெற்ற தப்பு வேறு இல்லை என்றே சொல்லலாம். சியான்லாங் கலை தெரியாத ஆள் இல்லை. சீன அரசர்களில் அவரைப்போல் ஓவியம் சேர்த்தவர்கள் மிகச் சிலர். அரண்மனைச் சேகரிப்புக்கு விரிவான பட்டியல் தயாரிக்கச் சொன்னவரும் அவரே. அப்படிப்பட்டவர் கையில் அசல் வந்து உட்கார்ந்தபோது அதைப் போலி என்று எப்படி ஒதுக்கினார்? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு அந்த ஓவியம் வந்த பாதையைப் பின்தொடர்ந்தால், அந்தத் தப்பு ஒரே நாளில் நடந்ததல்ல என்பது புரியும்.

முதலில் ஆற்றைப் பற்றி

ஃபூச்சுன் என்பது சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஹாங்ஜோ நகருக்குத் தென்மேற்கே ஓடும் ஆறு. கீழே போகப்போக இதற்கே சியான்டாங் என்று பெயர் மாறிவிடுகிறது; கடலிலிருந்து சுவர்போல் எழுந்து உள்ளே ஏறிவரும் அலைக்குப் பெயர்போன அதே சியான்டாங்தான். ஃபூச்சுன் பகுதியில் அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. அகலமான, அவசரமில்லாத தண்ணீர். இரு கரையிலும் உயரம் அதிகமில்லாத, பசுமையான மலைகள். கிழக்கு ஹான் காலத்தில் யான் குவாங் என்ற அறிஞர், தன்னோடு படித்த நண்பரே பேரரசரான பிறகும் பதவி வேண்டாம் என்று இந்த ஆற்றங்கரைக்கு வந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார் என்பார்கள். அவர் மீன் பிடித்த இடம் என்று ஒரு பாறையை இன்றும் காட்டுகிறார்கள். ஆக, ஃபூச்சுன் என்றாலே சீன வாசகருக்கு ஆறு மட்டும் நினைவுக்கு வராது. அரசாங்கத்தை விட்டு விலகிப்போன மனிதனும் சேர்ந்தே வருவான்.

ஹுவாங் கோங்வாங்குக்கு அது பொருந்திய இடம். 1269-இல் பிறந்தவர். பிறந்தபோது அவர் குடும்பப் பெயர் லூ. பிள்ளையில்லாத ஹுவாங் என்ற முதியவர் அவரைத் தத்தெடுத்தார். ‘ஹுவாங் ஐயா ரொம்ப நாளாகப் பிள்ளைக்கு ஏங்கினார்’ என்று பொருள்படும் வாக்கியத்தை இரண்டாக வெட்டித்தான் அவருடைய பெயரும் பட்டப்பெயரும் வைக்கப்பட்டன. மங்கோலியரின் யுவான் ஆட்சியில் சிறிய எழுத்தர் வேலை. நிலவரி தொடர்பான ஒரு வழக்கில் மேலதிகாரி மாட்டிக்கொண்டபோது இவரும் சேர்ந்து சிறைக்குப் போனார். வெளியே வந்தபின் அரசாங்க வேலையின் பக்கமே திரும்பவில்லை. தாவோ துறவியானார், குறிசொல்லிப் பிழைத்தார், ‘பெரிய பைத்தியம்’ என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டார். ஓவியத்தில் தீவிரமாக இறங்கும்போது வயது ஏறக்குறைய ஐம்பது.

ஃபூச்சுன் ஓவியத்தைத் தொடங்கியது எழுபத்தெட்டு வயதையொட்டி. 1347-இல் ஃபூச்சுன் மலைக்குத் திரும்பியபோது வூயோங் என்ற துறவி நண்பர் கூட வந்ததாகவும், தெற்கு மாடத்தில் ஓய்வாக இருந்தபோது தூரிகையை எடுத்ததாகவும் அவரே சுருளின் கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். மனம் வந்தபோது வரைந்து, அங்கங்கே நிரப்பிக்கொண்டே போனாராம். நடுவில் ஓவியத்தை மலையிலேயே விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டாராம். மூன்று நான்கு வருடம் ஓடியும் முடியவில்லை. அப்புறம் மூட்டையில் வைத்துக் கூடவே எடுத்துப்போய், நேரம் கிடைத்தபோது காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாராம். இதை எழுதியது 1350-இல்.

அந்தக் குறிப்பிலேயே இன்னொரு வரி உண்டு. யாராவது தந்திரத்தாலோ பலத்தாலோ இதைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று வூயோங் பயந்தாராம்; அதனால் படம் முடியும் முன்பே ‘இது இவருக்கு’ என்று கடைசியில் எழுதிவிடச் சொன்னாராம். இன்னும் மை காயாத படத்துக்குத் திருட்டுப் பயம். பின்னால் நடந்ததைப் பார்த்தால் வூயோங் குறி சொல்லியிருக்கலாம் போலிருக்கிறது.

தாளில் என்ன இருக்கிறது

முப்பத்து மூன்று சென்டிமீட்டர் உயரம், ஆறு மீட்டருக்கும் மேல் நீளம். தாளின்மேல் மை; வேறு நிறமே இல்லை. இதைச் சுவரில் மாட்டிப் பார்ப்பதில்லை. மேசைமேல் வைத்து, இடது கையால் விரித்துக்கொண்டு வலது கையால் சுருட்டிக்கொண்டு, ஒரு கையகலம் ஒரு கையகலமாக வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். படகில் போகிறவர் கரையைப் பார்ப்பது மாதிரி. முழுவதும் ஒரே நேரத்தில் கண்ணில் படாது. பார்த்தது ஒரு பக்கம் மறைந்துகொண்டே இருக்கும், பார்க்காதது இன்னொரு பக்கம் வந்துகொண்டே இருக்கும்.

மலைகளின் உடம்பை நார் நாராகக் கீறிய நீளக் கோடுகளால் வரைந்திருக்கிறார். பிரித்துப்போட்ட சணல்நார் போன்ற கோடு என்று அதற்கே ஒரு பெயர் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் டோங் யுவான், ஜூரான் ஆகியோரிடமிருந்து வந்த வழி அது. ஆனால் அவர்களைவிட இவர் கை தளர்வானது. சில இடங்களில் ஈரம் ததும்பும் மை, சில இடங்களில் கிட்டத்தட்ட காய்ந்த தூரிகை. முதலில் வெளிறிய மையில் போட்டதன்மேல் பின்னொரு நாள் அடர்ந்த மையில் திருத்தியிருப்பது தெரிகிறது. தூரத்தில் ஊசி குத்தியதுபோல் மரங்கள். அங்கங்கே குடில், படகு, பாலம், தூண்டில்காரன்.

தண்ணீரைப் பெரும்பாலும் அவர் வரையவே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஆறு என்பது பெரிதும் தொடாமல் விட்ட வெள்ளைத்தாள். கரை எங்கே முடிகிறதோ அங்கே ஆறு தொடங்குகிறது. சுருள் முடிவை நெருங்கும்போது மலைகள் தேய்ந்து, வெள்ளை அகன்று, ஒரு கூரிய சிகரம் மட்டும் எழுந்து நின்று, அதற்கப்பால் ஒன்றுமில்லாமல் போகிறது. சீனத்தில் நிலக்காட்சி ஓவியத்துக்கு ‘மலை-நீர்’ என்றே பெயர். இந்தச் சுருளில் நீர்தான் மலையைத் தாங்குகிறது.

கைமாறிய வரலாறு

வூயோங்குக்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேல் கடந்து, சுருள் சூஜோவின் பெரிய ஓவியர் ஷென் ஜோவிடம் வந்தது. தெரிந்த ஒருவரிடம், நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்று அதைக் கொடுத்து வைத்தார். அந்த மனிதரின் மகன் அதை மறைத்து வைத்து விற்றுவிட்டான். கொஞ்ச நாள் கழித்து அதே படம் விலைக்கு வந்தது. ஷென் ஜோவிடம் அதை வாங்கப் பணமில்லை. வழக்குப் போடவில்லை, சண்டை போடவில்லை. வீட்டுக்குப் போய் 1487-இல் முழுப் படத்தையும் நினைவிலிருந்து வரைந்தார். அந்தப் பிரதி இப்போது பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த வருடம் அவருடைய அதிகாரி நண்பர் ஒருவர் அசலைத் தேடிப்பிடித்து வாங்கி வந்து காட்டியபோது, நடந்த கதையை ஷென் ஜோ தன் கையாலேயே அந்தச் சுருளில் எழுதினார்.

1596-இல் டோங் சிச்சாங் வாங்கினார். மிங் காலத்தின் மிகப்பெரிய கலை விமர்சகர்; இவர் கைப்பட்டதால் படத்தின் மதிப்பு இன்னும் ஏறியது. அவரிடமிருந்து யீசிங் ஊர் வூ குடும்பத்துக்குப் போனது. அங்கேதான் நெருப்பு.

அந்த வீட்டு மகன் வூ ஹோங்யூவுக்கு அந்தப் படத்தின்மேல் இருந்தது ஆசை என்ற அளவைத் தாண்டியது. அதற்கென்றே வீட்டில் ஒரு கூடம் கட்டினார். மிங் ஆட்சி சரிந்து ஊரே ஓடியபோது மற்றச் சொத்தையெல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் தூக்கிக்கொண்டு போனார். 1650-இல் சாகக் கிடந்தபோது, தன்னோடு எடுத்துப்போக நினைத்தார். ஓவியத்துக்கு உடன்கட்டை! முதல் நாள் ஒரு பழைய கையெழுத்துச் சுருளை எரித்தார்கள். மறுநாள் ஃபூச்சுன் சுருளைத் தீயில் போட்டார்கள். அது பற்றிக்கொண்டதைப் பார்த்துவிட்டு அவர் படுக்கையறைக்குத் திரும்பினார். அந்த இடைவெளியில் அண்ணன் தம்பி வழி மகன் ஒருவன் ஓடிவந்து, வேறொரு சுருளைத் தீயில் போட்டுவிட்டு இதை உருவி எடுத்தான். அந்நூற்றாண்டின் ஓவியர் யுன் ஷோபிங் இதைக் கேட்டு எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

எரிந்தது எந்தப் பகுதி என்பது முக்கியம். சுருட்டி வைத்த படத்தில் தொடக்கம்தான் வெளிச்சுற்றில் இருக்கும். தீ வெளியிலிருந்து உள்ளே தின்றுகொண்டு போகும். அதனால் படத்தின் ஆரம்பம் கரிந்து போனது. உள்சுற்றுகளில், ஒரு சுற்றுக்கு ஒரு முறையாக, உள்ளே போகப்போகச் சிறியதாகிக்கொண்டே வரும் ஓட்டைகள். சுருளை விரித்தால் அந்த ஓட்டைகள் ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக நிற்கும். எந்தப் போலியும் எளிதில் சம்பாதிக்க முடியாத அடையாளம் இது.

பழுது பார்த்தபோது முன்பகுதியில் கெடாமல் மிஞ்சிய ஒரு துண்டைத் தனியே பிரித்தார்கள். ஐம்பத்தோரு சென்டிமீட்டர். தற்செயலாக அதற்குள்ளேயே ஒரு மலையும் கொஞ்சம் நீருமாக ஒரு முழுக் காட்சி அமைந்திருந்தது; ‘எஞ்சிய மலை’ என்று பெயர் வந்தது. நீளமான மிச்சப் பகுதி ‘வூயோங் சுருள்’ ஆனது. இரண்டும் வேறு வேறு வழியில் போயின. நீளச் சுருள் பல கை மாறி, கடைசியில் உப்பு வணிகரும் தேர்ந்த சேகரிப்பாளருமான அன் சியிடம் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலிருந்துதான் 1746-இல் அரண்மனைக்கு வந்தது.

மேசையில் இரண்டு சுருள்

இப்போது ஆரம்பித்த இடத்துக்கு வருவோம். முந்தைய வருடமே வந்துவிட்ட சுருளை ‘சிமிங் சுருள்’ என்பார்கள். சிமிங் என்ற ஒருவர் ஊர் திரும்பும்போது அவருக்காக வரைந்து கொடுத்தது என்று ஹுவாங் எழுதியதுபோல் ஒரு குறிப்பு அதில் இருந்தது, தேதி 1338. சியான்லாங்குக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போய்விட்டது. பார்க்கும் போதெல்லாம் எடுத்து ஒரு குறிப்போ கவிதையோ எழுதினார், முத்திரை குத்தினார்.

புதிதாக வந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தூரிகையில் பலமில்லை, இது போலிதான் என்றார். நன்றாக இருக்கிறது, அதனால் வைத்துக்கொள்ளலாம் என்றும் தாராளமாகச் சொன்னார். அந்தத் தீர்ப்பை அமைச்சர் லியாங் ஷிசெங்கின் கையால் அந்தச் சுருளிலேயே எழுத வைத்தார்.

அவர் முன்னால் இருந்த தடயங்கள் என்ன? சிமிங் சுருளில் ஹுவாங்கின் குறிப்பு படத்துக்குள்ளேயே, மலைக்கு மேலே வானத்தில் எழுதப்பட்டிருந்தது. யுவான் கால ஓவியர்கள் நீளச் சுருளில் பெரும்பாலும் படம் முடிந்த பிறகே எழுதுவார்கள். வூயோங் சுருளில் அப்படித்தான் இருக்கிறது. தாள்கள் ஒட்டிய இணைப்புகளில் வூ குடும்பத்தின் முத்திரைகள் இருந்தன. தொடக்கத்தில் தீயை மறைத்துப் பழுது பார்த்த தடம் இருந்தது. ஷென் ஜோவும் டோங் சிச்சாங்கும் அந்தப் படத்தைப் பற்றி எழுதியவை பலரும் அறிந்தவை.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வூயோங் சுருளின் குறிப்பு, மனம்போன போக்கில் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன் என்கிறது. சிமிங் சுருளின் தேதியை நம்பினால், அதே ஓவியர் அதே மலையை அதே வரிசையில் பன்னிரண்டு வருடம் முன்பே முழுதாக வரைந்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டார் என்று ஆகும். ஏற்கெனவே முழுதாகப் போட்ட படத்தை, எங்கே எதை வைப்பது என்று தேடித்தேடி யாராவது மூன்று நான்கு வருடம் வரைவாரா? வூயோங் சுருளில் வெளிறிய மைக்குமேல் அடர்ந்த மை ஏறியிருப்பது தேடிய கையின் தடம். நகல் எடுப்பவருக்குத் தேட ஒன்றுமில்லை. எல்லாம் முன்னாலேயே இருக்கிறது.

இதையெல்லாம் பார்க்கும் கண் சியான்லாங்குக்கு இருந்தது. ஆனால் அதற்குள் காலம் தாழ்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் வந்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம். ஒரு வருடமாக அவர் சிமிங் சுருளோடு பழகியிருந்தார். ஹுவாங்கின் கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர் கண் கற்றுக்கொண்டதே அந்தப் போலியிடம்தான். அந்தக் கண்ணால் பார்த்தால் அசலின் தளர்ந்த, காய்ந்த கோடு பலவீனமாகத்தான் தெரியும். அப்புறம் அவர் எழுதிய எழுத்துகள். தன் கையெழுத்தும் முத்திரையுமாக நிறைந்த படத்தைப் போலி என்று ஒப்புக்கொள்வது அரசருக்குச் சின்ன விஷயமில்லை. பக்கத்தில் நின்றவர்களோ அவருடைய சம்பளம் வாங்குகிறவர்கள். மகாராஜா, அது இது இல்லை என்று யார் சொல்வது?

எழுதுவதை அவர் நிறுத்தவும் இல்லை. பல பத்தாண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குறிப்புகள் சிமிங் சுருளில் சேர்ந்தன. மலைக்கு மேலே, மலைக்கு நடுவே, ஆறு இருக்க வேண்டிய வெள்ளையில் எல்லாம் எழுத்து. கடைசியில் இனிமேல் இதில் எழுத மாட்டேன் என்பதையும் அதிலேயே எழுதினார்.

இங்கேதான் கதை புரள்கிறது. போலி என்று ஒதுக்கப்பட்டதால் வூயோங் சுருளில் அவர் எழுதவில்லை. அந்த ஒரு தீர்ப்புக் குறிப்பைத் தவிர ஆற்றின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்திருந்தால் அந்த ஐம்பது குறிப்புகளும் இதன்மேல் இறங்கியிருக்கும்.

தீர்ப்பு மாறியது

சியான்லாங்கின் மகன் ஜியாசிங் ஆட்சியில் அரண்மனைப் பட்டியலை மறுபடி தொகுத்தபோது வூயோங் சுருளுக்கு உரிய இடம் கிடைத்தது. ஆனாலும் பொதுவெளியில் விவகாரம் தெளிந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். ஜப்பானியப் படையெடுப்புக்குப் பயந்து 1933-இல் அரண்மனைப் பொருள்கள் பெய்ஜிங்கை விட்டு வெளியேறின. அந்த ஆண்டுகளில் இரண்டு சுருளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. இளம் நிபுணர் சூ பாங்டா, பேரரசர் நேசித்ததே போலி என்று சொன்னார். யாரோ நல்ல எண்ணத்தோடு எடுத்த பிரதியில் இடையில் வந்த வியாபாரி பொய்க்குறிப்பைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது பலரின் கணிப்பு. 1970-களில் ஹாங்காங்கில் சூ ஃபூகுவான் என்ற அறிஞர், இல்லை, சிமிங் சுருள்தான் அசல் என்று மறுபடி வழக்கைத் திறந்தார். பெரிய விவாதமே நடந்தது. தீர்ப்பு மாறவில்லை.

எஞ்சிய மலை இதற்கிடையில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. 1669-இல் அது வாங் டிங்பின் என்பவரிடம் இருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி ஒட்டியிருந்தார். பிறகு நீண்ட மௌனம். 1938-இல் ஷாங்காய் ஓவியர் வூ ஹூஃபானிடம் பழம்பொருள் வியாபாரி ஒருவர் ஒரு துண்டைக் கொண்டுவந்து காட்டினார். வூ ஹூஃபான் தீப்பட்ட தடத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார், தன் சேகரிப்பிலிருந்த ஒரு பழைய வெண்கலப் பாத்திரத்தைக் கொடுத்து அதை வாங்கினார். அத்தோடு விடாமல், வியாபாரியைத் திரும்ப அனுப்பி, வேண்டாம் என்று கழற்றிப் போட்டிருந்த பழைய தாளையும் தேடி எடுத்துவரச் செய்தார். அதில்தான் வாங் டிங்பின்னின் குறிப்பு இருந்தது. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய காகிதம், படத்தின் பிறப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது. 1956-இல், எழுத்துக்கலைஞர் ஷா மெங்ஹாய் விடாமல் கேட்டு வற்புறுத்தியதில், எஞ்சிய மலை ஹாங்ஜோவிலுள்ள ஜெஜியாங் மாகாண அருங்காட்சியகத்துக்குப் போனது.

ஆனால் அதற்கு முன்பே வூயோங் சுருள் கடல் தாண்டிவிட்டது. உள்நாட்டுப் போரின் முடிவில், 1948-49-இல், அரண்மனைப் பொருள்கள் அடங்கிய 2,972 பெட்டிகள் தைவானுக்குக் கப்பலேறின. அசலும் போலியும் சேர்ந்தே போயின. இன்று இரண்டும் தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நெருப்பு பிரித்ததை அரசியல் இன்னும் தூரமாக்கியது.

2010 மார்ச்சில் சீனப் பிரதமர் வென் ஜியாபாவ் செய்தியாளர் சந்திப்பில் இந்த ஓவியத்தை எடுத்துப் பேசினார். பாதி ஹாங்ஜோவிலும் பாதி தைபேயிலும் இருக்கிறது, ஓவியத்துக்கே இப்படியென்றால் மனிதர்கள் எப்படி இருக்க வேண்டும் என்ற பொருளில். ஓவியம் திடீரென்று சீனா, தைவான் என்ற இரு கரைகளின் உறவுக்கு உவமை ஆகிவிட்டது. பாவம் ஹுவாங், அரசாங்கத்திலிருந்து தப்பிக்கத்தானே ஆற்றங்கரைக்குப் போனார்.

2011 ஜூனில் எஞ்சிய மலை தைபேக்குக் கடனாக வந்தது. 361 வருடத்துக்குப் பிறகு இரண்டு துண்டும் ஒரே அறையில். வூயோங் சுருள் பதிலுக்குச் சீனப் பெருநிலத்துக்குப் போகவில்லை; போன பொருள் திரும்பி வரும் என்பதற்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்பது தைவானின் நிலை.

ஒரே அறையில் வைத்தார்களே தவிர, இரண்டையும் ஒட்ட முடியாது. நடுவில் இருந்த தாள் 1650-இல் சாம்பலாகிவிட்டது. இந்தத் துண்டின் கரையும் அந்தத் துண்டின் கரையும் சேர்வதில்லை. நடுவே ஒரு சின்ன இடைவெளி. அதைத் தாண்டி இடப்பக்கம் போய் வூயோங் சுருளைப் பார்க்கிறவர்கள், மலையும் நீரும் நகரும் அந்த நீளத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பைக் காணலாம். லியாங் ஷிசெங்கின் அழகான கையெழுத்து. பேரரசரின் உத்தரவுப்படி எழுதியது. இது போலி என்கிறது.